திருத்திய அறிக்கை

அரியர் பணம் வந்த ஜனவரியில்
மேல்விஷாரத்து அத்தாவுல்லா
இரண்டு தொலைநோக்கிகளைக் காரில் போட்டுக்கொண்டு
காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்.
"வீட்டு மாடியில் பார்த்தால் செல்போன் டவர்தான் தெரியும்.
இங்கே பாருங்கள். விலை அப்புறம்."

பெரியதற்கு எண்பத்தைந்து மில்லிமீட்டர் வாய்.
நேர்க்குழல். மூன்றுகாலியில் ஏற்றியதும்
ஏரியைச் சுடப்போவதுபோல் நின்றது.
ஆடு ஓட்டிவந்தவர் ஒருகணம் தயங்கி
மந்தையைக் கரைக்கு அந்தப்புறம் இறக்கிவிட்டார்.

கண் வைத்தேன்.
மூக்குக்கண்ணாடி போட்டவளுக்கு
வட்டம் முழுதாகக் கிடைப்பதில்லை,
ஓரத்தில் ஒரு கறுப்புப் பிறை.
அவர் ரப்பர் விளிம்பைத் திருகிக் கீழிறக்கினார்.
பிறை போயிற்று. ஏரி வந்தது.

அறுபது மடங்குவரை போகும் என்றார். போனேன்.
மணி ஒன்பதரை.
நாமக்கோழிகள் தண்ணீரோடு சேர்ந்து உருகின,
எதிர்க்கரைப் பனைகள் கால் இல்லாமல் ஆடின.
வேலூர்க்காரிக்கு வெயிலைப்
பெரிதாக்கிக் காட்டவா பதினைந்தாயிரம் அதிகம்?
முப்பதுக்குத் திருப்பினேன். போதும்.
தூக்கிப் பார்த்தேன்: வாலாஜாவில் பஸ் மாறும்போது
கண்டக்டர் நிச்சயம் லக்கேஜ் கேட்பார்.

சின்னது அறுபத்தைந்து.
கண்வில்லை சாய்ந்திருந்தது.
"பலருக்கு இது ஒத்துவராது மேடம்,
பறவை முன்னால் இருக்கும், நீங்கள் கீழே குனிந்திருப்பீர்கள்."
குனிந்தேன்.
கழுத்து தானாக இடம் கண்டுகொண்டது.
பத்தொன்பது வருடம், ஆஸ்பத்திரி லேபில்,
நாளுக்கு அறுபது எழுபது ரத்தச் சில்லுகள்,
இதே சாய்வில்தான் எண்ணுகிறேன்.

கொக்கின் விளிம்பில் ஊதா கசிகிறதா என்று பார்த்தேன்.
ஊதா எனக்குச் சாயக்குப்பியில் இருப்பதே போதும்.
கசியவில்லை.
வெள்ளை முடிந்த இடத்தில் நீர் தொடங்கியது.
பச்சைக்காலியின் அலகு
நுனியில் லேசாக மேலே வளைவது
முதல்முறையாகத் தெரிந்தது.

பிறகு, மதகுக்கு நேரே,
வழக்கமான இடத்தில், அது.
பைனாகுலரை நம்பி மூன்று குளிர்காலமாக
என் நோட்டில் இருப்பது:
ஊசிவால் வாத்து, ஆண், ஒன்று.
தனித்து. பறக்கவில்லை. காயமோ?
போன பிப்ரவரியில் அதன் நலம் விசாரிக்கவே
இரண்டுமுறை வந்திருக்கிறேன்.

வளையத்தைத் திருகினேன்.
கழுத்தில் நீல மூடி.
முதுகில் கைப்பிடி.

வலை உதறிக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கூப்பிட்டேன்.
என் தோளளவுதான் அவர் உயரம்,
சாய்ந்த வில்லைக்கு அது பொருட்டில்லை.
"அட, நம்ம கேனு மா.
வலைக்குக் கட்னது. அங்கியே தான் கீது."
அத்தாவுல்லா மரியாதையாக
வேறு திசையில் ஏரியைப் பார்த்தார்.

லேபில் இதற்கு ஒரு விதி உண்டு.
தவறான எண்ணை அழிக்கக்கூடாது,
மேலே வெள்ளை பூசக்கூடாது.
ஒரே கோடு. பக்கத்தில் கையெழுத்து, தேதி.
நோட்டைப் பிரித்து மடிமேல் வைத்தேன்.
பதினோரு கோடுகள்.

சின்னதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
பணத்தை எண்ணிக் கொடுக்கும்வரை
கன்னியப்பன் நிமிரவேயில்லை.
"யம்மா, கேனுக்குப் பின்னால
இன்னொண்ணு தலைய முக்குதே,
அது இன்னா?"