பதினொரு போர்வைகள்

நாளைக்குத் தேர்வு தூவாவுக்கு.
தீவில் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவல்.
"தீமையின் குறியீடுகளாக வருபவை எவை?
மூன்றைச் சுட்டி விளக்குக. பத்து மதிப்பெண்."
சாப்பாட்டு மேசையில் பென்சிலைக் கடித்தபடி
இரண்டை எழுதிவிட்டாள்.
மூன்றாவது என்னப்பா என்கிறாள்.

ஹெல்கெலாந்துக் கரையோரம் ஓடும் படகில்
நான் ஆள் எண்ணுகிறவன்.
கட்டைவிரலால் அழுத்தும் சின்னக் கருவி.
ஏறியவர்களும் இறங்கியவர்களும் ஒத்துப்போகும்வரை
கயிற்றை அவிழ்க்க விடமாட்டேன்.
மீனை எண்ணியிருந்தால் பணக்காரனாகியிருப்பாய் என்பார்
கப்டன்.

அக்டோபர் மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது.
பறவை பார்க்கப் போன பாறைத்தீவு.
எங்களை இறக்கிவிட்டு
மிச்சச் சாமான்களை எடுக்கப் போனார் ஆசிரியர்.
படகு திரும்பவில்லை.
காற்று திரும்பியது.
மீனவர் கைவிட்ட கொட்டகையில் பன்னிரண்டு பேர்.
கம்பளிப் போர்வை பதினொன்று.

யாரும் யாரையும் அடிக்கவில்லை,
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கத்தி ஒன்று இருந்தது.
சார்டின் டப்பா திறந்தோம், அவ்வளவுதான்.

சிக்வேதான் எண்ணச் சொன்னான்.
வகுப்பில் நான் கணக்கில் புலி.
பன்னிரண்டு என்றேன்.
மறுபடி எண்ணு.
பன்னிரண்டு.
மறுபடி.
மூன்றாம் முறை என் விரல்
கதவோரம் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்த
ஐலிஃபைத் தாண்டிப் போனது.
பதினொன்று.
எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்.
போர்வைக் கணக்கு சரியாகிவிட்டது.

ஐலிஃப் சிரித்தான், விளையாட்டென்று நினைத்து.
"டேய், நான் இருக்கேன்டா."
காற்று பலமாக இருக்கிறதே என்றான் ஒருவன்.
கதவிடுக்கு வழியாக வருகிறது என்றான் இன்னொருவன்.
ரொட்டியைப் பதினொன்றாகப் பிட்டோம்.
நல்ல பிள்ளைகள் நாங்கள்,
சமமாகப் பிட்டோம்.
அவன் அழத் தொடங்கியதும்
ஒருத்தி எழுந்துபோய்
கதவிடுக்கில் பழைய வலையைத் திணித்தாள்,
சத்தம் வருகிறதென்று.

இரண்டாம் இரவு
எண்ணுகிற வேலையை முறைவைத்துக்கொண்டோம்,
ஆளுக்கு ஒரு தடவை.
எல்லாரும் எண்ணி முடித்த பிறகு
கதவோரத்திலிருந்து ஒரு குரல்.
பல் கிட்டித்த குரல்.
ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்து
தன்னிடம் வந்ததும்
நின்று
பதினொன்று என்றது.

சரியான விடை.
ஒரு துண்டு ரொட்டியைத்
தரையில் அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

விடியும்போது மீட்புப் படகு வந்தது.
மஞ்சள் மழைக்கோட்டுப் பெண்
டார்ச் அடித்துத் தலை எண்ணினாள்.
பன்னிரண்டு, எல்லாரும் பத்திரம் என்று
வயர்லெஸ்ஸில் சொல்லி, அழுதும்விட்டாள்.
எங்களில் மூன்று பேர்
அவளைத் திருத்தப் பார்த்தோம்.

"அப்பா, மூன்றாவது?"
போர்வை என்று எழுது.
"போர்வையே வராதுப்பா இந்தக் கதையில."
இருட்டு என்று எழுதிக்கொள்கிறாள்.
பத்துக்கு எட்டு வாங்கிவிடுவாள்.

ஆண்டுக்கொரு தடவை ஐலிஃப் என் படகில் ஏறுகிறான்.
நரைத்துவிட்டான். தலையசைப்பான்,
நானும் அசைப்பேன்.
அவன் ஏறும்போது மட்டும்
கட்டைவிரல் இரண்டு முறை அழுத்திவிடுகிறது.
அக்கரையில்
எல்லாரும் இறங்கிப் போனபின்
ஓர் ஆளைத் தேடிக்கொண்டு
வெறும் இருக்கைகளுக்கிடையே நடக்கிறேன்.
கணக்கு உதைக்கிறது.