நாற்பது பெட்டிகள்

டுலூத்தில் பிப்ரவரி.
இரும்புத்தாதுக் கப்பல்கள் ஏரிப் பனியில் சிறைப்பட்டுக் கிடக்க,
லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
மாரிட் நாப்கின் எண்ணுகிறாள்.
பெட்டிக்கு இருநூறு. பள்ளிக்கு நான்கு பெட்டி.

தமிழில் இதைத் தூரம் என்போம்.
அவளுக்கு அது தெரியாது.
தூரத்தைக் கிட்டே கொண்டுவரத்தான்
இருபத்தாறு வருடம்
பள்ளி வாரியத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

கருப்பைக்கு வெளியே படர்ந்த சதை
குடலை முறுக்கிய நாட்களில்
"பெண்களுக்குச் சகஜம்" என்று
அனுப்பிவைத்த மருத்துவர்கள் ஐந்து பேர்.
ஆறாவது ஆள் நம்புவதற்குள் போனவை
பதினோரு வருடம், ஒரு வேலை, ஒரு கணவன்.
அதனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டாள்:
அவள் வலி என்றால் நம்பு.

சனிக்கிழமை டேப் ஒட்ட வருகிற பையனுக்கு வயது பதினைந்து.
கொள்ளுத்தாத்தாவின் கல்லறையில் இருந்த ஃபின்னிஷ் பெயரைத்
தனக்கென்று எடுத்துக்கொண்டான்: ஏனோ.
காரணம் கேட்காதே என்பது போல
நம் காதில் விழும் பெயர்.

"அவள் என்பதை மாற்றலாமா, மாரிட்?
எனக்கும் வருகிறது.
காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறேன்.
ஆண்கள் கழிப்பறையில் குப்பைத்தொட்டி கிடையாது."

"அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த விலை தெரியுமா உனக்கு?"

அவன் டேப்பின் நுனியைத் தேடினான்.
"எப்படியும் நிறுத்தப்போகிறேன்.
ஒன்பது மாதம் காத்திருந்து
மினியாபொலிஸில் தேதி கிடைத்திருக்கிறது."

நிறுத்தவா!
வெட்கப்படாதே, வெட்கப்படாதே என்று
ஊர் ஊராய்ச் சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று.

"வெட்கமெல்லாம் இல்லை," என்றான்.
"என்னுடையது இல்லை. அவ்வளவுதான்."

மருத்துவமனைச் சீட்டை நீட்டினான்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
இரண்டாம் முறை படிக்கத் தேவையிருக்கவில்லை.
ஆறாவது மருத்துவர்
அவள் இடுப்பில் மாதாமாதம் இறக்கியது
இதே மருந்து.

வெப்பமூட்டிக் குழாய் டொக் டொக்கென்றது.

"செவ்வாய்க்கிழமை குழுவில்
உனக்கு எதிராகத்தான் கை தூக்குவேன்," என்றாள்.
"தெரியும்."
"ராத்திரியில் வேர்த்துக் கொட்டும்.
ஜன்னலைத் திறக்கத் தோன்றும், இந்தக் குளிரிலும்.
யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்."

அவன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான்.
"ஊசி வலிக்குமா?"

எண்ணியது எத்தனை என்று மறந்துவிட்டது.
முதலிலிருந்து தொடங்கினாள்.
"வலிக்கும்," என்றாள்.