சொச்சம்

கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
இலக்கம் குத்தும் மெஷின் இறுகி நின்றது
1742399 இல்.
கவனிக்காமல் நாற்பத்தாறு ரசீது அடித்துவிட்டேன்,
நாற்பத்தாறிலும் அதே இலக்கம்.
பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மண்ணெண்ணெய் ரசீது.
ஒன்றுதான் செல்லும்.
செபமாலையண்ணை குருநகரிலிருந்து
நாளைக்குத்தான் வருவாராம்.
மற்ற நாற்பத்தைந்தையும் அரியாலைக்குக் கொண்டுபோனேன்.
பின்பக்கம் வெள்ளை. எனக்கு அது போதும்.

ஒற்றை எண். இரண்டு வெளியே.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தைந்து, மூன்றும் வெளியே.
ஐந்துக்கு வாசலே இல்லை.
ஏழு ஒன்றை மிச்சம் விட்டது, பதினொன்று பத்தை,
பதின்மூன்று ஒன்பதை.
பதினேழும் ஒன்றைத்தான் விட்டது,
ஏழைப் பார்த்துப் பழகியதுபோல.
நாலால் வகுக்க மூன்று மிஞ்சுகிறது:
ஆகவே இது சதுர எண் அல்ல,
இரண்டு சதுரங்களின் கூட்டுத்தொகையும் அல்ல.
இல்லை, இல்லை என்றே ஒரு எண்ணை
எவ்வளவு நேரம் விபரிக்கலாம்?

வர்க்கமூலம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் என்று
குத்துமதிப்பாக வைத்துக்கொண்டேன்.
அந்தச் சொச்சத்தை யார் பார்த்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
போனில் கல்குலேற்றர் இருந்தது,
டோர்ச்சை மட்டும் எடுத்தேன்.
இரண்டு மணியளவில் ஓர் ஆசை வந்தது,
இது முதன்மை எண்ணாகவே இருக்கட்டும் என்று.
எவராலும் வகுபடாத ஒன்று
எங்கள் மெஷினில் வந்து நின்றது என்று
மனதுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம்.

இருநூற்றுப் பதினாலு முதன்மைகள் கைவிரித்தன.
இருநூற்றுப் பதினைந்தாவது, 1319,
மிச்சமில்லாமல் உள்ளே போனது.
ஈவு 1321. அதுவும் முதன்மை.
இரட்டைப் பிள்ளைகள்,
நடுவில் 1320 மட்டும்.

அப்போதுதான் உறைத்தது.
1320 ஐ 1320 ஆல் பெருக்கினேன்:
1742400.
ஒன்று. ஒன்றே ஒன்று.
முதல் தாளிலேயே அந்தச் சொச்சத்தைக் கணித்திருந்தால்
ஒரு வரியில் முடிந்திருக்கும்.
நித்திரையும் கொண்டிருக்கலாம்.

காரணிகள் மொத்தம் நாலு.
தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 2641.
பதினேழு இலட்சத்துச் சொந்தக்காரனின்
பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான்.
குறைவெண் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
அடுத்த வளவு 1742400 இற்கோ
காரணிகள் நூற்று எண்பத்தொன்பது,
எந்நேரமும் சனம்.

காலையில் செபமாலையண்ணை
தையல் ஊசியால் கிண்டி ஓர் ஈயத் துகளை எடுத்தார்.
"ஒண்டைக் கூட்ட மூண்டு சில்லு
ஒண்டாத் திரும்போணும், பிள்ளை.
அதிலைதான் இறுகினது."
சடக்.
இரண்டு ஒன்பதுகள் பூச்சியமாகின, மூன்று நாலானது.
ஆரோ ஒருவர் சுன்னாகத்தில்
இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் வாங்கி
அந்த முழுச் சதுரத்தை மடித்து
சேர்ட் பொக்கற்றில் வைப்பார்.

முதலாளி குலவீரசிங்கம் கழிவுத் தாள்களைக் கேட்டார்,
கணக்காய்வுக்குக் காட்டவேண்டுமாம்.
பின்பக்கத்துக் கிறுக்கலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எச்சில் தொட்டு எண்ணினார்.
நாற்பத்து நாலு.
திரும்ப எண்ணினார்.
"ஒண்டு குறையுதே."
ஓம், என்றேன்.
ஒண்டுதான்.