தீவனக் கணக்கு

பெல்லாமி துறையில் பனி இறங்கிவிட்டால்
ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது
என்று யாரும் கேட்பதில்லை.
இரும்புக்கடைக்கு மேல்மாடி,
படியேறும்போதே ஆணி வாசனை.
அங்கேதான் எங்கள் ஊர் அறக்கட்டளை.
ஆறு நாற்காலி, ஐந்து உறுப்பினர்கள்.
ஆறாவதில் குறிப்பெடுக்க நான்.
எனக்கு ஓட்டு கிடையாது.

எங்களிடம் பணம் இருக்கிறதென்று ஊரில் பேச்சு.
இருப்பது அடுத்தவர் பணம்,
அடுத்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில்.
முதலில் கைவைக்கக் கூடாது.
அது ஈனும் குட்டியைத்தான்
மார்ச் மாதம் பங்கு வைப்போம்.
பனிவாரி ஓட்டிய டெசியே விட்டுப்போனதில்
நூலகத்துக்குக் கொதிகலன்.
பேக்கரியை விற்ற அக்கா தம்பி கொடுத்ததில்
பள்ளியில் காலைக்கு ஓட்ஸ் கஞ்சி.
பெயர் சொல்லாத ஒருவர்
மாதாமாதம் ஏழு டாலர் அனுப்புகிறார்.
ஏன் ஏழு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மூடிப்போன வங்கியிலிருந்து
கைமாறி வந்த பெட்டியில் ஓர் உயில்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று,
குஸ்டாவ் ஹார்யு, பால்வண்டிக்காரர்.
"குளிர்காலத்தில் ஊருக்காகச் சுமை இழுக்கும்
குதிரைகளின் தீவனத்துக்கு.
வேறு எதற்கும் அல்ல."
வேறு என்ற சொல்லின் கீழே
மை கசிய இரண்டு கோடு.

ஊரின் கடைசிக் குதிரை ஐம்பத்திரண்டில் செத்தது.
தின்ன வாயில்லாமல்
எழுபது வருஷக் கொள்ளு குவிந்து கிடந்தது:
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

அதே கூட்டத்தில் டெல்ஃபின் கடோட்
அடுத்த விண்ணப்பத்தைப் படித்தாள்.
சிறுநீரகம் கைவிட்ட ஒன்பது பேர்.
ரத்தம் சுத்திகரிக்கத் தொண்ணூற்று மூன்று மைல்,
வாரம் மூன்று தடவை.
ஓட்டுபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை.
பெட்ரோல் விலை ஏறியதும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.
ஜனவரிப் புயலில் பெர்னிஸ்
இரண்டு முறை தவறவிட்டாள்.

தலைவர் ஆர்வில் உயிலை மடித்தார்.
"செத்தவர் சொல்லை நாம் வளைத்தால்
நாளைக்கு இருப்பவர் எவர் கொடுப்பார்?"
அது சரிதான்.
யாரும் வாய் திறக்கவில்லை.

டெல்ஃபின் சொன்னாள்:
"எங்கள் வேனில் இருநூற்று எழுபத்தைந்து குதிரைகள்.
கீழேதான் நிற்கிறது,
மூடியைத் திறந்து காட்டவா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஆர்வில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"குளிர்காலம், சரி. ஊருக்காக, சரி.
சுமை?"

"உடம்பில் தேங்கிய மூன்று கிலோ தண்ணீரோடு
ஏறுகிறார்கள் ஒவ்வொருவரும்.
அங்கே இறக்கிவைத்துவிட்டு வருகிறார்கள்."

இந்த மேசையில் ஐந்து கையும் ஒன்றாய் உயர்வது
குதிரைக்கொம்பு.
அன்று முளைத்தது.
நேரம் நான்கு பத்து என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு வக்கீல். பிறகு நீதிபதி.
அனுமதிக் கடிதம் வந்தபோது ஜூன்.
உயிலில் குளிர்காலம் என்றிருந்ததால்
நவம்பர்வரை காத்திருந்தோம்.
அதற்குள் ஒன்பது எட்டாகியிருந்தது.
பெர்னிஸின் பெயரை நான்தான் அடித்தேன்,
ஒரே கோடு.

முதல் ரசீது அறுபத்தொரு டாலர் நாற்பது சென்ட்.
பேரேட்டில் அந்தப் பத்தியின் தலைப்பு
இன்னும் தீவனம்தான்.
மாற்றட்டுமா என்றதற்கு
இருக்கட்டும் என்றார் ஆர்வில்.

போன வாரம்
அலுவலக வாசலில் ஒரு காகிதப் பை.
உள்ளே மண் போகக் கழுவாத கேரட்.
பென்சிலில் ஒரே வரி: குதிரைகளுக்கு.
நன்கொடை எதுவானாலும்
பற்றுச்சீட்டு எழுத வேண்டும், விதி.
யார் பெயருக்கு? என்ன மதிப்புக்கு?
யோசித்துக்கொண்டே
குழாயில் கழுவினேன்.
ஆர்வில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.
கூட்டம் தொடங்க இன்னும்
பத்து நிமிஷம் இருந்தது.