நூறு புள்ளி

சனி இரவு, மடிப்பாக்கம், என் வாடகைக் கீழ்வீடு.
நான்கு மாதக் காலண்டர்த் தாளைக் கவிழ்த்து ஒட்டி
அதன் முதுகில் சென்னையை வரைந்தேன்.
நீல ஸ்கெட்ச் பேனா அடையாற்றிலேயே தீர்ந்துவிட்டது;
திருவான்மியூருக்குத் தெற்கே கடல் பச்சை.

ஊருக்குக் கற்பனைப் பெயர் ஒன்று வைக்கலாமா, என்றேன்.
"ஒருதடவை மாத்துனதே ரயில் டிக்கெட்டுக்கு இன்னும் தெரியல"
என்றான் எபினேசர். சென்னை என்றே எழுதினேன்.

ஆளுக்கு நூறு புள்ளி.
பறக்க நாற்பது, மறைய முப்பத்தைந்து,
சுவரைத் துளைக்கும் கைக்கு இருபது.
பலவீனம் ஒன்றை ஒத்துக்கொண்டால் பத்து கூடுதல்.
பகடை அடுத்த வாரம்தான்.
இன்றைக்கு ஆளும் ஊரும் மட்டும்.

எபினேசர் பறப்பானாம்.
"எங்கடா இறங்குவ?"
கேபிள் வயர், பேனர் சாரம், மாடிக் கொடியில் நைட்டி,
எங்கள் தெருவில் வானமே ஒன்றரை முழம்.
"மெட்ரோ தூண் மேல."
"வேலை முடிஞ்ச தூணா, முடியாத தூணா?"
யோசித்துவிட்டு, முடியாதது என்றான்,
அங்கேதான் மேலே ஒன்றும் ஓடாதாம்.
பலவீனம்: மழை. பத்துப் புள்ளியை வாங்கிக்கொண்டான்.
மற்ற நாட்களில் முதுகில் சதுரப் பையோடு
பிரியாணியைச் சூடு ஆறாமல் கொண்டுபோகிறவன்.
தன் நாயகனுக்கு முகமூடி கேட்கவில்லை,
ஹெல்மெட் போதும் என்றான், கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல்.

நிலோஃபருக்கு நேரத்தை நிறுத்த வேண்டும்.
எவ்வளவு?
பதினோரு நிமிடம்.
அதென்ன பதினொன்று என்றால்,
ரத்தக் குழாய்கள் இயந்திரத்துக்குள் சுற்றி முடிய
அவ்வளவு ஆகுமாம், இரவுப் பணியில்.
நிறுத்திவிட்டு யாரைக் காப்பாற்றுவாய்?
"யாரையும் இல்ல. தூங்குவேன்.
எழுந்து காப்பாத்துறேன்."
விதிப்படி சரியா, தெரியவில்லை. அறுபது போட்டேன்.

வில்லன் என் பொறுப்பு.
எண்ணூர்ச் சாம்பலில் பிறந்த பூதம் என்று தொடங்கி
அடித்துவிட்டேன்; அது இருமிக்கொண்டே இருந்தது.
பிறகு வந்தாள் பள்ளிக்கரணைச் சதுப்பின் அரசி.
கோரைப்புல் கூந்தல். நாமக்கோழிகள் ஒற்றர்கள்.
ஐப்பசி கார்த்திகையில் எழுந்து
தன் நிலத்தைத் தெருத்தெருவாய்த் தேடி வருவாள்,
முழங்கால் உயரத்தில் கதவைத் தட்டுவாள்.
"இதுல யாருப்பா வில்லன்?" என்றாள் நிலோஃபர்.
"அவகிட்ட மூலப்பத்திரம் இருக்கு. நம்மகிட்ட ஜெராக்ஸ்."
உட்கார்ந்திருந்த தரையை எல்லோரும் ஒருமுறை பார்த்தோம்.
சுவரில் போன மழையின் கோடு,
ஸ்விட்ச் போர்டுக்கு இரண்டு விரல் கீழே.

பூவரசன் தாள் வெறுமையாகவே இருந்தது.
பெரும்பாக்கத்தில் எட்டாம் மாடியிலிருந்து வருகிறான்;
லிஃப்டைத் தூக்கும் சக்தி கேட்பான் என்று பந்தயம் கட்டியிருந்தோம்.
பென்சிலை வாங்கி வரைபடத்தின்மேல் குனிந்தான்.
சிந்தாதிரிப்பேட்டைக்குப் பின்னால், கூவம் வளையும் இடத்தில்
சின்னதாய் ஒரு சதுரம். ஒட்டி இன்னொன்று.
பதினேழு சதுரம், ஒரு அடிபம்பு,
நாய் படுக்கும் இடம்கூட.

"அங்க இப்ப வேலிதான்டா இருக்கு."
"ஆட்டத்துல இருக்கட்டும்."
"சக்தி?"
"நூறையும் இதுக்கே எடுத்துக்க."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
பாறைக் கோட்டைக்கு விலை உண்டு, ரகசியக் குகைக்கு உண்டு,
ஆற்றோரம் பத்துக்குப் பத்து அறைக்கு இல்லை.
"அவ வந்தா முதல்ல உன் வீடுதான் போகும்."
"வருவா. ரெண்டு நாள் இருப்பா. போயிடுவா.
அவ எங்களைக் காலி பண்ணச் சொன்னதில்ல."

அவன் தாளில் எழுதினேன்:
பெயர், பூவரசன். சக்தி, கோடு. பலவீனம், கோடு.
முகவரியை அவனே எழுதினான், கதவு எண்ணோடு.

பத்தரை பஸ்ஸுக்கு அவன் செருப்பைத் தேடுகையில்
எபினேசர் மிச்சப் புள்ளியில் ஐந்தைக் கழித்தான்,
மெட்ரோ தூணை அடித்தான்,
முதல் சதுரத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு
"இங்க இறங்கிக்கலாமா?" என்றான்.

பூவரசன் வாசலிலிருந்து திரும்பினான்.
"ஆஸ்பெஸ்டாஸ்டா. ஆணி அடிச்ச வரிசையில கால் வை."