ஏறணும்னு தெரியும்

தேநீருக்கு என்னென்ன வேண்டும் என்றால்
பிசகாமல் சொல்கிறாள் கனி.
தண்ணீர், இஞ்சி, தூள், பால், சர்க்கரை.
சொல்லிவிட்டு அடுப்பின் முன்னால் நிற்கிறாள்
கையில் லைட்டரோடு.
நான் குளித்துத் தலை துவட்டி வரும்போதும்
கையில் லைட்டர்.

இருபத்திரண்டு வருடம் வீ.டி.யில்
கண்ட்ரோல் அறையில் இருந்தவள்.
குர்லாவுக்கும் கல்யாணுக்கும் இடையில் ஓடுகிற எல்லாவற்றையும்
பென்சிலால் சாய்கோடுகளாக இழுத்தவள்.
ஒரு கூட்ஸைத் திவாவில் ஒதுக்கிப் போட்டு
பின்னால் வந்த மெயிலை முன்னால் விட்டு
இரண்டு போன்களுக்கு நடுவே
மூன்றாவதில் என்னிடம் சொல்வாள்:
"மாவை வெளியே எடுத்து வைங்க."

மார்ச்சில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது.
பரேலில் பதினொரு நாள்,
பிறகு தைத்து அனுப்பினார்கள்.
பேசுகிறாள், நடக்கிறாள்,
என் அக்கா பிள்ளைகளின் பிறந்தநாள்கூடச் சொல்கிறாள்,
இனி என்ன குறை, ஸ்தோத்திரம் என்று
சபையார் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் ஷெர்னாஸ் அட்டைகளை விரித்தார்.
பக்கத்தில் தமிழ் தெரிந்த நர்ஸ்.
பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதியிருந்தது.
எழுத்தை விடுங்க, மை என்ன நிறம்?
"சிவப்பு."
மையைச் சொல்லுங்க.
"பச்சை மைதான், தெரியுது. சிவப்பு."

'ப'வில் தொடங்கும் வார்த்தைகள், ஒரு நிமிடம்.
பல், பால், பனி, பால்,
பல்,
பால்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவ்வளவு பெரிய நிமிடம்
அந்தக் கடிகாரத்துக்குள் எப்படி இருந்தது?

அவளுடைய வேலை இன்னதென்று தெரியாமலேதான்
டாக்டர் சொன்னார்:
"நெற்றிக்குப் பின்னால் ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கு,
அங்கேதான் அடி."
கனி சிரித்தாள்.
லிஃப்டில் சிரித்தாள்.
தாதர் பாலத்து நெரிசலில்
டாக்ஸிக்காரன் கண்ணாடியில் பார்க்கப் பார்க்கச் சிரித்தாள்.
முதலில் கொஞ்ச நேரம்
நானும் சிரித்தேன்.

சீட்டெழுதி ஒட்டினேன்.
'அடுப்பை அணை' என்றதைப் பார்த்து
பால் பொங்குமுன் அணைத்தாள்.
'கதவைப் பூட்டு' என்றதைப் பார்த்து
தயிர் வாங்கப் போன என்னைப்
படிக்கட்டில் உட்கார வைத்தாள்.
சோம்பேறி என்று ஒரு நாள் கத்தினேன்.
அடுத்த வீட்டு மராட்டிக்காரம்மா டிவியைக் குறைத்தாள்.
கனி, "ஆமா" என்றாள்.
அவளுக்கு வலிக்கவில்லை.
வலித்திருந்தால்
நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நேற்றுக் குர்லா.
அறிவிப்பு வருவதற்கு முன்பே
"நாலு நிமிஷம் லேட்" என்றாள்.
அப்புறம்தான் ஒலிபெருக்கி
மூன்று மொழியில் அதையே சொன்னது.
வண்டி வந்தது. கூட்டம் தள்ளியது.
கையை விட்டேன்.
தவறி அல்ல, வேண்டுமென்றேதான் விட்டேன்.
ஏறுவாளா என்று பார்க்க.

வித்யாவிஹாரில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து,
பாலமேறி ஓடி வந்தேன்.
அதே தூண். அதே நிற்பு.
பையைக்கூடத் தோள் மாற்றவில்லை.
"ஏன் ஏறல?"
"ஏறணும்னு தெரியும்."
சற்றுப் பொறுத்து,
"பதினாறு நிமிஷம் ஆச்சு உங்களுக்கு."

அடுத்த வண்டி.
"ஏறு" என்றேன்.
ஏறினாள்.
ஜன்னலோரம் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.
"உட்கார்." உட்கார்ந்தாள்.
தாணேயில் 'இறங்கு' சொல்ல
மறந்துவிடக் கூடாது என்று
முலுண்டுக்கு முன்னாலிருந்தே
எனக்கு நானே
சொல்லிக்கொண்டு வந்தேன்.