மூலை வெட்டிய பாஸ்போர்ட்

விடிய நாலு மணிக்குக் கூப்பிடுகிறாய் மச்சான்.
அங்கே ஒன்றரைதான், இன்னும் ராத்திரி தீரவில்லை.
தமாம் டாக்ஸி ஸ்டாண்டில்
மூன்று பேர் ஏறிவிட்டார்கள், நாலாவது சீட் உனக்கு.
ஏமன்காரன் எஞ்சினை அணைக்காமலே கேட்கிறானாம்:
புதுசு இருக்கிறது, பழசு எங்கே?

பழசு பாம்பனில் இருக்கிறது.
செத்த பாஸ்போர்ட்தானே என்று
ஊருக்கு வந்த சபுராளி ஒருவர் கையில்
கோடாலித் தைலத்தோடும் கலர் பென்சிலோடும்
நீதான் கொடுத்துவிட்டாய்.
செத்ததற்குள் ஒரு விசா
உயிரோடு கிடந்ததை
யாரும் உனக்குச் சொல்லவில்லை.

கல்யாணப் புடவை எடுத்த கடையின் ஜிப் பையைத்
தரையில் கவிழ்க்கிறேன்.
ரேஷன் கார்டு, ஆதார் ஐந்து,
நகைக்கடன் ரசீது, அதை அப்புறம் பேசுவோம்.
கரண்ட் இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் எல்லாச் சிங்கமும் ஒரே சிங்கம்.

முதலில் அனுப்பிய படம் தப்பு.
இதென்ன எழுத்து, வட்ட வட்டமா? என்கிறாய்.
அது தம்பி நாகூர்கனியின் காகிதம்,
ஊர்காவற்றுறைக் கோர்ட்டில் கொடுத்தது.
விடுதலை என்றார்கள்.
ஒரு வரி வாசிக்கத் தெரியாமல்
மூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவன் எல்லை தாண்டிய ராத்திரி
எதை எடுத்துப் போவது என்று யாரையும் கேட்கவில்லை.
மீன்துறை டோக்கன், மீனவர் கார்டு,
பாலிதீன் சுற்றிய பீடிக்கட்டு.
வலை இழுத்த பக்கம் படகு போனது.
கோடு போட்டவர்கள் அங்கே
ஒரு கவுண்டர் வைக்கவில்லை,
ஒரு பல்பு தொங்கவிடவில்லை.
வெளிச்சம் வந்தபோது அது நேவியின் வெளிச்சம்.

உன் எல்லை அப்படியில்லை என்பாய்.
கடல்மேல் பாலம், பாலத்து நடுவில் தீவு,
தீவில் சாவடி, பக்கத்திலேயே டீக்கடை.
நம்ம பாலம் மாதிரியா என்று கேட்டேன்.
நம்ம பாலத்தில் வேனை நிறுத்திச் செல்ஃபி எடுப்பார்கள்,
அங்கே நிறுத்தினால் பெயர் கேட்பார்கள் என்றாய்.

கிடைத்துவிட்டது.
பையில் இல்லை, பீரோவில் இல்லை,
பிள்ளையின் பென்சில் டப்பாவுக்கு அடியில்.
விசாப் பக்கத்தில் பச்சைக் கலரில் ஒரு கார்.
நாலு சக்கரமும் ஒரே பக்கம். டிரைவர் இல்லை.
அழித்தால் ஸ்டிக்கர் கிழியும். அப்படியே எடுத்தேன்.

பெயரைப் பார் என்கிறாய்.
பழசில் நீ வெறும் சீனி உதுமான்.
புதுசில் வாப்பா பெயரும் ஏறி நீண்டுவிட்டாய்.
விசாவில் குட்டைப் பெயர்தான்.
அரபியில் எழுதினால் இரண்டும் ஒன்றாகுமா,
ஏமன்காரனிடம் கேள்.
கேட்கிறாய்.
பின்சீட்டில் யாரோ கொட்டாவி விடுவது
இங்கே எனக்குக் கேட்கிறது.
படம் செல்லாதாம். ஆனாலும் அனுப்பச் சொல்கிறான்,
ஆபீசர் நல்லவனாக இருந்தால்.

சரி மச்சான்.
புது பாஸ்போர்ட், இக்காமா, பழசின் படம்,
ஆபீசர் நல்லவனாக இருந்தால்.
நாலும் இருக்கிறது. ஏறு.

சுபுஹு பாங்குக்குத் தம்பியும் கிளம்பிவிட்டான்.
இன்று சனிக்கிழமை, டோக்கன் கொடுக்கும் நாள்.
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

உலை வைக்கும்போது போன் அதிர்ந்தது.
நீயென்று ஓடினேன்.
அக்கரை டவர். இலங்கைக்கு நல்வரவு என்கிறது.
காற்று ஒரு மாதிரி அடிக்கிற நாளில் இப்படித்தான்,
நைட்டியோடு, கையில் அரிசிக் கழுநீரோடு
நிற்கிறவளை
ஒரு காகிதமும் கேட்காமல் கூப்பிடுகிறது.

எங்கே இருக்கிறாய் என்று உனக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
சாவடியா, பாலமா, சார்ஜ் தீர்ந்ததா?

பழசை இன்னும் உள்ளே வைக்கவில்லை.
பிள்ளை எழுவதற்குள் ஒளிக்க வேண்டும்.
கண்ணில் பட்டால்
அந்தக் காருக்கு ஒரு டிரைவர் போடாமல் விடமாட்டாள்.